ஒரே ஒரு நாள் நல்லவன்!

மார்ச் எட்டு. பிற்பகல் மூன்றே முக்கால்.

ட்ரியாவ்னா போலீஸ் ஸ்டேஷன்.

"மகளிர் தின வாழ்த்துகள் மேடம்!"

சார்ஜண்ட் மிட்கோ விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மூன்று கார்னேஷன் பூக்களை நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் ராத்கா கை நீட்டுவதற்குள் பீரோ கைப்பிடியில் இடித்து, ஒரு பூவின் தலை முறிந்து தரையில் உருண்டது.

"அடப்பாவி! மிச்சம் ரெண்டு. ரெண்டு பூவை நீட்டறியே... என்னை இன்னிக்கே புதைச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஐயோ மேடம்!" மிட்கோ பதறி இன்னொரு பூவையும் உருவித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். "இப்ப ஒண்ணு. நூறு வருஷம் இருப்பீங்க."

"நூறு வருஷம்... உன்கூடவா? அதுக்கு அந்த ரெண்டு பூவே தேவலை."

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ. இரட்டைப்படை கல்லறைக்கு. பல் முளைக்காத குழந்தைக்கும் அது தெரியும்.

ராத்கா அந்த ஒற்றைப் பூவைத் தண்ணீர் டம்ளரில் போட்ட அதே நொடி...

டெலிபோன் அலறியது!

"செத்துட்டா! ஐயோ, ஸ்டான்கா செத்துட்டா!"

"யாரும்மா பேசறது? எந்த ஸ்டான்கா?"

"நான் பெனா... பக்கத்து வீடு! டிவியில வருவானே, ஊர் ஊரா சுத்தி டைரி எழுதறவன்... வெசெலின்! அவன் பொண்டாட்டி! மகளிர் தினமாச்சேன்னு கேக் கொண்டாந்தேன்... கதவைத் தட்டறேன், தட்டறேன்... ஜன்னல் வழியாப் பார்த்தா..."

மறுமுனை தேம்பியது.

ராத்கா தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

* * *

அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் ஸ்டான்கா.

ஐம்பத்து நான்கு வயது. மடியில் பாதி பின்னிய கம்பளிக் காலுறை. கன்னம் இளஞ்சிவப்பாக, தூங்குகிறவள் மாதிரி இருந்தாள். நேற்றிரவே உயிர் போயிருந்தது.

மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு. மார்ச் முதல் தேதி ஊரே கட்டிக்கொள்வது, வருடம் முழுவதும் நோய் நொடி வரக்கூடாது என்று!

"அடுப்புப் புகை மேடம்," என்றான் மிட்கோ, எல்லா ஜன்னல்களையும் திறந்துகொண்டே. "வெளிய போக வழியில்லாம ரூமுக்குள்ளயே நின்னிருக்கு."

கூரை மேல் ஏறி, புகைக்குழாய்க்குள் கையை விட்டான். வைக்கோலும் சுள்ளியுமாக ஒரு பந்து வந்தது.

"காக்கா கூடு!"

"போன வாரம்தான் அடுப்புக்கார அசென் வந்து குழாய் சுத்தம் பண்ணான்," என்றாள் பெனா, மூக்கைச் சிந்தியபடி. "நான் கண்ணால பார்த்தேன். பாவி, ஒழுங்காப் பண்ணலையா?"

"புருஷன் எங்க?"

"ஸோஸோபோல். கடற்கரை. நேத்து மத்தியானமே கெளம்பிட்டான். இவளை எங்க கூட்டிட்டுப் போனான் அவன்? முப்பத்தோரு வருஷமும் இவ வீட்டுலதான் கிடந்தா."

நாலரை மணிக்கு மிட்கோ வெசெலினின் செல்போனுக்குப் போட்டு, விஷயத்தைச் சொன்னான்.

"அழுதாரா?" ராத்கா கேட்டாள்.

"அழுதார் மேடம். ரொம்ப நல்லா அழுதார்."

* * *

மறுநாள் காலை வெசெலின் ஸ்டேஷனுக்கு வந்தார்.

அறுபது வயது. வெள்ளைத் தாடி. கழுத்தில் பட்டுத்துணி. ஒரு கையில் தாளில் சுற்றிய வெள்ளை கார்னேஷன் கொத்து. மறு கையில் தடித்த கறுப்பு டைரி. எட்டுப் புத்தகம் எழுதியவர். அத்தனையும் பயணக் குறிப்புகள். அவர் பேனா போகிற ஊரை நார் நாராகக் கிழிக்கும். மக்கள் வாங்கிப் படித்துச் சிரிப்பார்கள், கிழிபடுவது பக்கத்து ஊராக இருக்கும் வரை.

"அந்த அடுப்புக்காரனைப் பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு சார். லாக்கப்ல இருக்கான்."

"அஞ்சு வருஷமாவது உள்ள இருக்கணும். என் மனைவியைக் கொன்ன கை அது!"

லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் உடைந்து வந்தது. "சாமி சத்தியமா நான் சுத்தமாத்தான் தேய்ச்சேன்யா! வானம் தெரியற அளவுக்குத் தேய்ச்சேன்! ஒரே வாரத்துல காக்கா எப்படிய்யா கூடு கட்டும்?"

வெசெலின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு சம்பிரதாயக் கேள்வி," என்றாள் ராத்கா. "நேத்து முழுக்க நீங்க ஸோஸோபோல்லதான் இருந்தீங்களா?"

அவர் டைரியை மேஜை மேல் வைத்தார். அதைத் தட்டிக் கொடுத்தார்.

"இதுல இருக்கு. நிமிஷம் நிமிஷமா. முப்பத்தோரு வருஷமா எழுதறேன் இன்ஸ்பெக்டரம்மா. மணி, தூரம், படி எத்தனை, பணியாரம் எத்தனை... ஒரு எண்ணு தப்பா இருந்தா காட்டுங்க, பேனாவைக் கடல்ல வீசிடறேன். டிவியிலயே சவால் விட்டவன் நான்!"

"படிச்சுட்டுத் தர்றேன்."

"படிங்க. உங்களை மாதிரி தனியா இருக்கற பொம்பளைங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு."

சிரித்துவிட்டுப் போனார். மனைவி செத்து இரண்டு நாள் ஆகவில்லை.

மிட்கோ பல்லைக் கடித்தான். "இந்தாளை ஏதாவது ஒரு செக்ஷன்ல உள்ள போட முடியாதா மேடம்?"

"வாயைத் தண்டிக்கச் சட்டம் இல்லடா."

அரசு வக்கீல் பத்தாம் தேதி மாலைக்குள் பைலைக் கேட்டிருந்தார். கையெழுத்துப் போட்டால் கவனக்குறைவால் மரணம். அசெனுக்கு ஐந்து வருடம் உறுதி!

* * *

மத்தியானம். பீன்ஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது. ராத்கா டைரியை விடவில்லை.

"மிட்கோ, கேளு. 'மூன்று கால் நாய் ஒன்று பின்னால் வந்தது. நான்காவது கால் இருந்திருந்தாலும் அது எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது.'"

"அடச்சே!"

"'விடுதிக்காரி உப்பில்லாத சூப் கொடுத்தாள். முகத்திலும் உப்பு போட மறந்திருந்தார்கள்.'"

மிட்கோ சிரித்துவிட்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இதைக் கேளு. போன வருஷம். 'மாமியாரின் சவ அடக்கம். மழை. காபி மோசம்.' அவ்வளவுதான். அந்த நாளுக்கே மூணு வாக்கியம்."

"பொண்டாட்டியைப் பத்தி?"

ராத்கா பக்கங்களைத் தள்ளினாள். குரல் இறங்கியது.

"'ஸ்டான்கா இரவெல்லாம் இருமினாள். இருமலில்கூட அவளுக்குக் கற்பனை கிடையாது. ஒரே மாதிரி.' அப்புறம், மார்ச் அஞ்சாம் தேதி... 'ஸ்டான்கா காலுறை பின்னுகிறாள். பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம். எழுத ஒன்றும் இல்லை.'"

மிட்கோ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். அவனுக்குப் பசி போய்விட்டது.

"இப்ப மார்ச் எட்டு. ஸோஸோபோல். காது குடுத்துக் கேளு."

அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"'காலை எட்டு. கடல் நீலம். விடுதிக்காரர் சீஸ் வைத்த பனிட்சா சுட்டுக் கொடுத்தார், இரண்டு துண்டு. அருமையான மனிதர். ஒன்பதரை. கோட்டைச் சுவர் ஓரம் நடந்தேன். ஒரு குருட்டுப் பூனை. பாவம், தடவிக் கொடுத்தேன். பத்து மணி. கடைத்தெரு. பூக்காரம்மா எட்டு வெள்ளை கார்னேஷன்களை அழகாகச் சுற்றித் தந்தாள். தந்துவிட்டு என் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டாள். டிவியில் பார்த்திருப்பாள் போலும். நல்ல பெண். பதினொன்று. கடற்கரையில் குழந்தைகள். அவர்கள் சத்தம்கூடப் பாட்டாக இருக்கிறது.'"

"யாரு மேடம் எழுதினது? சாமியாரா?"

"கையெழுத்து அவரோடதுதான். ஆனா ஆள் அவர் இல்ல! இருநூறு பக்கம் புரட்டிட்டேன். ஒரு மனுஷன்கூட அந்த ஆள்கிட்ட தப்பிக்கல. இந்த ஒரு பக்கத்துல மட்டும் பூனை முதல் பூக்காரி வரைக்கும் எல்லாரும் நல்லவங்க!"

"அப்படின்னா..."

"குறை சொல்லணும்னா நேர்ல பார்க்கணும். பார்க்காத பூக்காரியோட மூக்கை எப்படிக் கிண்டல் பண்றது? அவர் அன்னிக்கு ஸோஸோபோல்லயே இல்ல மிட்கோ! வேற எங்கயோ இருந்துக்கிட்டு கற்பனையா எழுதியிருக்கார்!"

மிட்கோ மேஜையில் குத்தினான். சூப் தளும்பியது.

"போடு போனை, அந்த விடுதிக்கு!" என்றாள் ராத்கா.

விடுதிக்காரர் உடனே எடுத்தார்.

"வெசெலின் சாரா? ஆமாம்மா, ஏழாம் தேதி சாயங்காலமே வந்துட்டார். எட்டாம் தேதி பனிட்சா சாப்ட்டார், ரெண்டு துண்டு. போட்டோகூட எடுத்துக்கிட்டோம். முன்னெல்லாம் வந்தா என்னைக் கழுதைன்னு எழுதுவார். இந்தத் தடவை கட்டிப் பிடிச்சுக்கிட்டார்!"

ராத்கா ரிசீவரை மெல்ல வைத்தாள்.

அவமானமாக இருந்தது. இருபது வருட சர்வீஸில் இவ்வளவு அழகாக அவள் குப்புற விழுந்ததில்லை.

* * *

மார்ச் பத்து. காலை. அரசு வக்கீல் போனில் கடகடவென்று சிரித்தார்.

"என்னம்மா சொல்றே? சந்தேகப்படறதுக்குக் காரணம், அவர் நல்லவரா எழுதிட்டாரா?"

"சார், அவர் அங்கதான் இருந்தார். ஒத்துக்கறேன். ஆனா காலையிலிருந்தே சந்தோஷமா இருந்திருக்கார்! முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள்! அது ஏன் பொண்டாட்டி செத்த மறுநாளா இருக்கணும்?"

"அவருக்கு விஷயம் தெரிஞ்சது நாலரைக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"சந்தோஷமா இருந்தார்னு ஒருத்தரை உள்ள தள்ள முடியாதும்மா. சாயங்காலம் அடுப்புக்காரன் பைல் என் மேஜைக்கு வந்தாகணும்."

போன் செத்தது.

லாக்கப்பில் அசென் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம்... என் பொண்ணுக்கு மே மாசம் கல்யாணம். நான் இல்லாம நடக்குமா?"

ராத்கா தன் மேஜைக்குத் திரும்பினாள். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். கண்ணெதிரே தண்ணீர் டம்ளர். டம்ளரில் மிட்கோ தந்த பூ, வாடாமல் இருந்தது.

ஒரு பூ.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று எழுந்தாள். டைரியைப் பறித்துப் பிரித்தாள். விரல் ஒரு வரியில் போய் நின்றது!

"மிட்கோ!"

"மேடம்?"

"ஸோஸோபோல் கடைத்தெருவுல பூக்கடை எத்தனை?"

"அந்தச் சின்ன ஊர்லயா? ஒண்ணு இருந்தா அதிகம்."

"லைன் போடு. அப்புறம் கறுப்புக் கோட்டை மாட்டு. சவ அடக்கத்துக்குப் போறோம்."

* * *

கல்லறைத் தோட்டம். மத்தியானம் ஒரு மணி.

பெட்டியின் மேல் வெள்ளை கார்னேஷன் கொத்து. பாதிரியார் பாடி முடித்துவிட்டார். பெனா அவித்த கோதுமையில் சர்க்கரை கலந்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டே வந்தாள். ஊர் முழுக்க அழுதது. வெசெலின் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, புத்தகத்தை நீட்டிய ஒரு பெண்மணிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ராத்கா போய் நின்றாள்.

"டைரியைக் கொடுக்க வந்தேன் சார். பிரமாதமா இருக்கு."

"தெரியும்."

"ஒரே ஒரு சந்தேகம். எண்ணுல."

வெசெலினின் புருவம் நெரிந்தது. "எண்ணுலயா? என் டைரியிலயா?"

"பூக்காரம்மா கொடுத்தது ஏழா இருக்கும்னு நினைச்சேன். நீங்க எட்டுன்னு எழுதியிருக்கீங்க. கை தவறி..."

"கை தவறியா!" குரல் உயர்ந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். "எட்டும்மா! எட்டு! அதோ, பெட்டி மேல இருக்கு, போய் எண்ணிப் பாருங்க! அவ ஏழாத்தான் கட்டி வச்சிருந்தா. இன்னொண்ணு சேர்த்துக் கட்டுன்னு நான்தான் சொன்னேன்! நான் எழுதினா எழுதினதுதான்!"

"எத்தனை மணிக்கு வாங்கினீங்க?"

"பத்து! காலை பத்து! அதுவும் எழுதியிருக்கேனே!"

"யாருக்காக வாங்கினீங்க?"

"மகளிர் தினத்துல யாருக்கு வாங்குவாங்க? என் மனை..."

நின்றுவிட்டார்.

பெனாவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. பாதிரியார் மெதுவாகப் பெட்டியின் மேலிருந்த பூக்களைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒட்டுமொத்த ஊரும் எண்ணியது.

"இன்னிக்கு எட்டு சரியான எண்ணிக்கைதான் சார்," என்றாள் ராத்கா மிருதுவாக. "அதனாலதான் உங்க கையில பார்த்தும் எங்க யாருக்கும் உறைக்கல. ஆனா எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு உங்க மனைவி உயிரோட இல்லைங்கறது இந்த உலகத்துல யாருக்குமே தெரியாது. பெனாம்மா கேக் எடுத்துக்கிட்டு வந்தது மூணரைக்கு. உங்களுக்குப் போன் வந்தது நாலரைக்கு. ஆனா உங்க கை மட்டும் பத்து மணிக்கே பொணத்துக்குப் பூ வாங்கிடுச்சு!"

"ஏதோ... ஞாபக மறதியில..."

"மிட்கோ!"

மிட்கோ செல்போனை உயர்த்திப் பிடித்தான். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் கரகரத்தது.

"நான் பூக்கடைதான்மா பேசறேன். மகளிர் தினத்துக்கு எல்லாக் கொத்தும் ஏழு, அஞ்சுன்னு கட்டி வச்சிருந்தேன். அந்த ஐயா ஏழை எட்டாக்கச் சொன்னார். யாருக்குங்கன்னேன். என் மனைவிக்குன்னார். ஊரெல்லாம் பொண்டாட்டிக்குப் பூ வாங்கற நாள்ல இந்த மனுஷன் கல்லறைக்கு வாங்கறாரேன்னு... கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

வெசெலினின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"டிவியில பார்த்ததுக்காகப் பிடிக்கல சார்," என்றாள் ராத்கா. "அவங்க வீட்டுல டிவியே கிடையாதாம். வேற எந்த மனுஷனா இருந்தாலும், இந்தப் பொம்பளை ஏன் நம்ம கையைப் பிடிக்கறான்னு ஒரு நொடி யோசிச்சிருப்பான். உங்களுக்கு உங்களைத் தவிர வேற யாரும் கண்ணுல படல."

அவர் சரேலென்று திரும்பி ஓடப் பார்த்தார். அடிக்குழாய் மாதிரி பருத்த மிட்கோவின் கை குறுக்கே வந்தது.

"வைக்கோலைக் குழாய்க்குள்ள திணிச்சது எப்ப?" ராத்கா கேட்டாள்.

வெசெலின் மிட்கோவின் கையைத் தள்ளிப் பார்த்தார்.

பிறகு, ஆச்சரியம், அவர் பட்டுத்துணியைச் சரிசெய்துகொண்டார். குரலில் பழைய விஷம் திரும்பியிருந்தது.

"ஏழாம் தேதி. கெளம்பறதுக்கு முன்னாடி. அவ கோழிக்குத் தீனி போடப் போயிருந்தா."

"ஏன்யா?" பெனா கத்தினாள். "அவ உனக்கு என்னடா பண்ணா? எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாளா?"

"அதான்! ஒண்ணுமே பண்ணல! முப்பத்தோரு வருஷம்... காலுறை, கோழி, இருமல்! அவளைப் பத்தி எழுத ஒரு வரிகூட மிச்சமில்ல எங்கிட்ட. படிச்சு முடிச்ச புத்தகத்தை யாராவது வீட்டுல வச்சுக்குவாங்களா?"

பெனா கரண்டியில் இருந்த கோதுமையை அவர் கையில் வைக்காமல், திரும்பப் பாத்திரத்திலேயே கொட்டினாள்.

மிட்கோ விலங்கைப் பூட்டினான். பூட்டும்போது கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான். ராத்கா பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள்.

* * *

மாலை நான்கு.

அசென் லாக்கப்பை விட்டு வெளியே வந்து ராத்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எதிரே கூட்டி வரப்பட்ட வெசெலினைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான். அவனுக்கு அப்போதும் பயம் போகவில்லை.

வெசெலின் லாக்கப்பை நோட்டம் விட்டார். மூலையில் ஒரு திருட்டு ஆசாமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"இன்ஸ்பெக்டரம்மா! நான் எழுத்தாளன். இந்தக் குறட்டைப் பயகூடல்லாம் என்னால இருக்க முடியாது. எனக்குத் தனியா ஒரு ரூம் வேணும்!"

ராத்கா கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியை விரலில் சுழற்றியபடி சொன்னாள்.

"உள்ள ஒருத்தன் ஏற்கெனவே இருக்கான் சார். உங்களோட சேர்த்து ரெண்டு, இரட்டைப்படை... உங்க கைக்குப் பழக்கமான எண்ணிக்கைதானே!"